கட்டை விரலின் கைவரிசை

சென்ற வருஷம் நவராத்திரியின்போது நண்பர் ஒருவர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். சுண்டலின் மேலுள்ள அபிமானத்தினால் போனோம் என்று சிலர் சொல்லக் கூடும். அதை நாம் மறுக்கப் போவதில்லை. ஒன்பது படியிலும் பொம்மைகள் நிறைந்திருந்தன. அவற்றுள் ஒரு பொம்மை நம் கண்ணைப் பிடித்து நிறுத்திவிட்டது. ஆலிலையின்மேல் மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி, கட்டை விரலை வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தான் பாலகிருஷ்ணன். வெறும் மண் பொம்மைதான். ஆனாலும் அந்த முகத்தில்தான் எவ்வளவு நிம்மதி!

வீட்டுப் பாட்டியம்மாள் அந்தப் பொம்மைக்கு எதிரில் நின்று பக்தியுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு திரும்பினாள். கொலுப் படியின் ஓரத்தில் பட்டுப் பாவாடை உடுத்து உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பேத்தி அவள் கண்ணில் பட்டாள். அடுத்த கணத்தில், “எடுடி, கையை வாயிலிருந்து!” என்று ஒரு அதட்டல் கிளம்பிற்று.

“கிருஷ்ணன் செய்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள், குழந்தை செய்தால் கோபித்துக்கொள்கிறீர்களே, பாட்டி! இது என்ன நியாயம்?” என்று கேட்டோம்.

“அவன் பகவான். அவனுக்குப் பல் எத்திக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இவளை நாளைக்கு நாலு பேர் பார்க்க வேண்டாமா?” என்றாள் பாட்டி.

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கட்டை விரலில் காலையில் வேப்பெண்ணெய் தடவியிருந்தார்களாம். அதை அவள் பாவாடையில் துடைத்துவிட்டாள் என்பது அந்தப் பக்கம் வீசிய வாசனையிலிருந்தே தெரிந்தது. சற்று நேரத்துக்கெல்லாம் யாரோ அவளைப் பாடச் சொன்னார்கள். குழந்தை பாடினாள்; நல்ல குரல். ஆனால் பாட்டு முடியும் வரையில் இடது கையால் வாயை மறைத்துக்கொண்டே பாடினாள்.

ஐந்து வயதில் ஒரு குழந்தை தன் வாயைக் கண்டு தானே வெட்கப்பட்டுக்கொண்டு பாடிய அந்தக் காட்சியை நம்மால் மறக்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நாமும் எட்டு வயது வரையில் விரல் சூப்பினவர்கள்தாம். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் ஒருவர் நமக்குத் ‘தேங்காய்த் துருவி’ என்று ஒரு பட்டம் சூட்டியிருந்தார். அந்தக் காலத்துப் புகைப்படங்கள் ஒவ்வொன்றிலும் நாம் வாயை இறுக மூடிக்கொண்டு, ஏதோ ராஜ்யத்தைப் பறிகொடுத்தவரைப் போல நிற்கிறோம். ஆகவே, இந்த விஷயத்தைப்பற்றித் தந்த வைத்தியர்கள் சொல்வதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லலாம் என்று தீர்மானித்தோம்.

* * *

முதலில் குழந்தை ஏன் விரலைச் சூப்புகிறது என்று பார்க்கலாம். இது யாரும் கற்றுக்கொடுத்த கெட்ட வழக்கம் அன்று. கர்ப்பத்திலுள்ள சிசுவை ஒலி அலைகளின் உதவியால் படம் பிடிக்கிறார்கள் அல்லவா? அந்தப் படங்களிலேயே சில சிசுக்கள் விரலை வாயில் வைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். ஊழிவெள்ளத்தில் ஆலிலைமேல் மிதந்த குழந்தையைப்போலவே, தாயின் வயிற்று நீரில் மிதக்கும் குழந்தையும் விரலைச் சுவைக்கிறது. பிறந்தவுடன் தாய்ப்பாலைத் தேடி உறிஞ்சவேண்டிய ஜீவனுக்கு இயற்கை முன்கூட்டியே கொடுத்திருக்கும் சக்தி அது. பசி அடங்கிய பின்பும் அந்தச் சக்தி ஓய்வதில்லை. தூக்கம் வரும்போதும், பயம் வரும்போதும், ஒன்றும் செய்யத் தோன்றாதபோதும் விரல் தானாக வாய்க்குப் போகிறது. குழந்தைக்கு அதுவே ஆறுதல்.

பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் இந்த வழக்கத்தைத் தாமாகவே விட்டுவிடுகின்றன. அதுவரையில் யாரும் வேப்பெண்ணெய்ப் புட்டியைத் தேட வேண்டியதில்லை. அதன் பிறகும் விடாத குழந்தைகளைப்பற்றித்தான் இங்கே பேச்சு.

பல் என்பது சுவரில் அடித்த ஆணியைப்போல எலும்பில் அசையாமல் இறங்கியிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அப்படியன்று. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் இருக்கின்றன; அந்த நார்களே பல்லைத் தாங்குகின்றன. ஒரே பக்கமாக இலேசான அழுத்தம் இடைவிடாமல் இருந்துகொண்டிருந்தால், எதிர்ப்பக்கத்து எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு சேருகிறது. பல் நகர்ந்துவிடுகிறது! ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பார்கள். பல் நகர்வதற்கு அடி கூட வேண்டியதில்லை. விடாமல் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

நம்முடைய பல்வரிசைக்கு வெளியிலிருந்து உதடும் கன்னமும் காவல். உள்ளேயிருந்து நாக்கு காவல். இந்த இரண்டு தரப்பாரும் ஒருவர் பலத்தை ஒருவர் தடுத்துக்கொண்டிருப்பதனாலேதான் வரிசை நேராக நிற்கிறது. இவர்களுக்கு நடுவில் கட்டை விரல் மூன்றாம் பேர்வழியாக நுழைந்தால் என்ன ஆகிறது? விரலின் வயிற்றுப்பக்கம் மேல் முன்பற்களை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. விரலின் முதுகு கீழ்ப்பற்களை உள்ளே சாய்க்கிறது. விரல் நடுவில் இருக்கும் வரையில் மேலும் கீழுமுள்ள முன்பற்கள் முழுதும் வளர்ந்து ஒன்றையொன்று சந்திக்க முடிவதில்லை. கடைவாய்ப் பற்களைக் கடித்தாலும் முன்னால் ஒரு சின்ன ஜன்னல் திறந்தே இருக்கிறது. விரலுக்கு இடம் விட்டு நாக்கு கீழே இறங்கிவிடுகிறது. உள்ளேயிருந்த காவல் போய்விடவே, உறிஞ்சும் கன்னங்கள் மேல்வரிசையை இருபுறமும் நெருக்குகின்றன. லாடத்தைப்போல் அகன்று வளைந்திருக்க வேண்டிய மேல்தாடை குறுகி, முன்பக்கம் கூராகிவிடுகிறது. மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையின்மேல் சம்புடத்தின் மூடிபோலக் கவிந்திருக்க வேண்டும். மூடி குறுகிப் போனால் சம்புடத்துக்கு உள்ளே அல்லவா விழும்? கடைவாய்ப் பற்களின் கதியும் அதுவே.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். ஐந்தில் வளைவது நல்ல வழிக்குத்தான் வளையும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

இதனால் வரும் கஷ்டம் அழகைப் பொறுத்தது மட்டும் அன்று. முன்பற்கள் சந்திக்காத குழந்தை கொய்யாப் பழத்தைக் கடிக்கத் திண்டாடும். ‘ச’, ‘ஸ’ முதலிய எழுத்துக்கள் ஜன்னல் வழியே காற்றாகப் போய்விடும். வெளியே துருத்திய பல், விளையாட்டில் கீழே விழும்போது மற்றப் பற்களைக் காட்டிலும் எளிதில் உடைந்துபோகும்.

ஆனால் ஒன்று. எவ்வளவு பலமாகச் சூப்புகிறது என்பதைவிட, எத்தனை நேரம் சூப்புகிறது என்பதே முக்கியம். பகலில் ஐந்து நிமிஷம் சப்புக்கொட்டிக்கொண்டு விரலைச் சுவைக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேருவதில்லை. இரவு முழுவதும் விரலைச் சத்தமில்லாமல் வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் குழந்தையின் பல்தான் நகருகிறது. ஒரு நாளில் சுமார் 6 மணி நேரமாவது நீடிக்கும் அழுத்தமே பல்லை நகர்த்தும் என்பது பல்வரிசை நிபுணர்களின் கணக்கு. அதனால்தான் ஒரே மாதிரி விரல் சூப்பிய இரண்டு சகோதரர்களில் ஒருவனுக்குப் பல் எத்துகிறது. மற்றவன் முத்துப்போன்ற பல்லுடன் திரிகிறான்.

* * *

விரலை விடுவிப்பதற்காகப் பெரியவர்கள் செய்திருக்கும் கொடுமைகளைக் கேட்டால், பல் எத்தினாலும் பரவாயில்லை என்று தோன்றிவிடும். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியர் ஹைன்ரிஹ் ஹோப்மன் என்பவர் 1845-இல் ‘ஸ்ட்ருவ்வல்பீட்டர்’ என்னும் குழந்தைகள் படப் புத்தகத்தை வெளியிட்டார். அதில் தாயின் சொல்லைக் கேளாமல் விரல் சூப்பிய ஒரு பையனுடைய இரண்டு கட்டை விரல்களையும் தையற்காரன் ஒருவன் பெரிய கத்தரிக்கோலால் நறுக்கிவிடுகிறான்! படமும் உண்டு. 1914-இல் அமெரிக்க சர்க்கார் தாய்மார்களுக்காக வெளியிட்ட சிசு பராமரிப்புப் பிரசுரம், சட்டைக் கையை விரல்களுக்குமேல் இழுத்து ஊசி குத்தியோ தைத்தோ விடும்படி யோசனை கூறிற்று. 1946-இல் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் தமது பிரபலமான புத்தகத்தை எழுதிய பிறகே, கட்டிப்போடுவதும் கசப்பைத் தடவுவதும் குழந்தையை வருத்துமே தவிரப் பலன் தருவது அபூர்வம் என்ற எண்ணம் வீடுகளில் பரவலாயிற்று.

நம் வீடுகளிலும் வேப்பெண்ணெயும் மிளகாயும், கையில் கட்டும் துணியும், ‘பூச்சாண்டி’யும் வெகு காலமாக நடமாடி வருகின்றன. இவற்றில் ஒரு சங்கடம் இருக்கிறது. விரல் சூப்புவது ஆறுதலைத் தேடி. அதட்டினால் குழந்தைக்கு ஆறுதல் இன்னும் அதிகமாக வேண்டியிருக்கிறது. ஆகவே இன்னும் அதிகமாகச் சூப்புகிறது. நமக்குத் தெரியாமல் போர்வைக்குள்ளே சூப்புகிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நாம் விசாரித்தறிந்த வரையில் காலக்கிரமம் இதுதான். மூன்று வயது வரையில் கவலை வேண்டாம். அதன்பின், குழந்தை எப்போது விரலை வாயில் வைக்கிறது என்று கவனிக்க வேண்டும். பசியா, தூக்கமா, தம்பிப் பாப்பா பிறந்திருக்கிற ஏக்கமா, செய்வதற்கு வேலையின்மையா? காரணத்துக்குத் தக்க பரிகாரம் செய்யலாம். வைத்துக்கொண்டபோது கண்டிப்பதைவிட, வைத்துக்கொள்ளாதபோது மெச்சுவது நல்லது. ஐந்து, ஆறு வயதுக்குள், அதாவது பால்பல் விழுந்து நிலையான முன்பற்கள் முளைப்பதற்குள், வழக்கம் நின்றுவிட்டால், முன்னால் திறந்த ஜன்னல் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். எந்த உதடும் நாக்கும் பல்லைக் காவல் காத்தனவோ, அவையே அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. மேல்தாடை குறுகிப் போயிருந்தால் மட்டும் அது அவ்வளவு சுலபமாகத் தானே சரியாவதில்லை. வைத்தியர் பார்க்க வேண்டும். நிலையான பற்கள் வந்த பின்பும் வழக்கம் நீடித்தால், குழந்தையின் சம்மதத்தோடு வாயினுள் ஒரு சிறு கம்பிக் கருவியைப் பொருத்தி ஞாபகமூட்டலாம். பிற்காலத்தில் பல்லுக்குக் கம்பி கட்டி ஒன்றரை, இரண்டு வருஷம் சிரமப்படுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்.

* * *

விரல் பக்கமே போகாத சில குழந்தைகளுக்கும் பல்வரிசை கெடுவதுண்டு. இவர்களில் சிலர் எப்போதும் வாயைத் திறந்துகொண்டே இருப்பார்கள். இரவில் பெரியவர்களைப்போலக் குறட்டை விடுவார்கள். “வாயை மூடு! ஈ புகுந்துவிடப் போகிறது!” என்று நாம் பரிகாசம் செய்கிறோம். பாவம், மூக்கு அடைத்திருக்கும்போது வாயை மூடினால் மூச்சு எப்படி விடுவது? மூக்கின் பின்புறத்தில் ‘அடினாய்டு’ என்ற சதை சிறு வயதில் பெருத்து வழியை அடைப்பதுண்டு. ஓயாத ஜலதோஷமும் ஒவ்வாமையும் அடைப்பதுண்டு. வாயால் மூச்சு விடும் குழந்தையின் நாக்கும் அண்ணத்தை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. மேல்தாடை குறுகுவதற்கும் முகம் நீளுவதற்கும் அது ஏதுவாகலாம். இந்தக் குழந்தைக்கு வேண்டியது அதட்டலும் அன்று, பல் கம்பியும் அன்று. முதலில் காது மூக்குத் தொண்டை வைத்தியரின் பரிசோதனை.

விரலுக்குப் பதிலாக ரப்பர்க் காம்பை வாயில் திணிப்பவர்களும் உண்டு. அதையும் மூன்று வயதுக்குமேல் நீடித்தால் பல் விரலுக்கு ஒரு நியாயம், ரப்பருக்கு ஒரு நியாயம் என்று பார்ப்பதில்லை. நன்றாகத் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளிடம் இத்தகைய வழக்கங்களும், கடைவாய்ப் பல் உள்ளே விழும் கோளாறும் குறைவாகவே காணப்படுகின்றன. நமது தேசத்தில் 1992-இல் செய்த ஒரு சட்டம் பால் புட்டிகளுக்கும் தாய்ப்பாலுக்குப் பதிலான பவுடர்களுக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்று தடுத்திருக்கிறது. குழந்தையின் வயிற்றை உத்தேசித்துச் செய்த சட்டந்தான். பல்லும் அதனால் பிழைக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கோணல் பல் ஒவ்வொன்றுக்கும் விரலே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். தகப்பனாரிடமிருந்து பெரிய பல்லும் தாயாரிடமிருந்து சின்னத் தாடையும் சுவீகரித்துக்கொண்ட குழந்தைக்குப் பல் நெருங்கத்தான் செய்யும். அதற்காக யாரும் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

யோசனை கேட்பதற்கு இடமில்லை என்றும் இப்போது சொல்ல முடியாது. பல் வைத்தியம் கற்க அந்நிய நாட்டுக்குப் போக வேண்டியிருந்த காலத்தில், டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியை ஸ்தாபித்தார். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், பல் வைத்தியர்களுக்கான சட்டம் நிறைவேறியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953-இல் பல் வைத்தியப் பிரிவு தொடங்கிற்று. அதுவே பிறகு அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரியாயிற்று. ஆறு வயதுக் குழந்தையை ஒரு தடவையாவது பல் வைத்தியரிடம் காட்டுவது, அக்ஷராப்பியாசம் செய்து வைப்பதைப்போன்ற ஒரு கடமை என்றே சொல்வோம்.

* * *

கொலு வீட்டுக் குழந்தையை மறந்துவிடவில்லை. நம் தொந்தரவு பொறுக்காமல் அவளைப் பல் வைத்தியரான ஓர் அம்மணியிடம் அழைத்துப் போனார்கள். அந்த அம்மணி முதலில் பல்லைப் பார்க்கவில்லை; கையைப் பார்த்தார். பத்து விரல்களில் ஒன்று மட்டும் அதிக வெளுப்பாக, மிகவும் சுத்தமாக, தோல் சற்றுக் காய்த்து இருந்தது. “இந்த விரல்தானே உன் சிநேகிதி?” என்று கேட்டார். பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்து அந்தச் சின்ன ஜன்னலைக் காட்டினார். “உனக்கு விட வேண்டும் என்று இருக்கிறதா?” என்றார். அதுவரையில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“இருக்கு. ஆனால் தூங்கறப்போ கை தானாப் போயிடறது” என்றாளாம் குழந்தை.

இரவுக்கு ஒரு மெல்லிய துணி உறை. அதையும் குழந்தை தானே கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது வைத்தியரின் நிபந்தனை. உறையைத் தன் பழைய புடவைக் கிழிசலில் தைத்துக் கொடுத்தவள் பாட்டிதான். வேப்பெண்ணெய்ப் புட்டி பரணுக்குப் போயிற்று. தூக்கம் வரும் வரையில் பாட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னாள். விரல் வாய்க்குப் போகாத இரவுக்கு மறுநாள் காலையில் நாட்காட்டியில் ஒரு குங்குமப் பொட்டு. நடுவில் ஒரு வாரம் காய்ச்சல் வந்து, பழைய சிநேகிதி திரும்பி வந்தாள். அப்போது பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்! மூன்று மாதத்தில் உறை தேவையில்லாமல் போயிற்று. பல்லைக் கெடுத்தது விடாமல் இருந்த இலேசான அழுத்தம். வழக்கத்தை மாற்றியதும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இலேசான ஒரு கைதான்.

இந்த நவராத்திரிக்கும் போயிருந்தோம். ஜன்னல் ஏறக்குறைய மூடியிருந்தது. கீழே ஒரு பால்பல் விழுந்து வேறொரு வாசல் திறந்திருந்தது. அது நியாயமான வாசல். குழந்தை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, காற்றும் ஸ்வரமும் கலந்து பாடினாள்.

பாட்டு முடிந்ததும் ஆலிலைக் கிருஷ்ணனைச் சுட்டிக் காட்டி, “இவன் மட்டும் சூப்பலாமா?” என்று கேட்டோம்.

குழந்தை பொம்மையின் வாயைக் குனிந்து உற்றுப் பார்த்தாள். “இவனுக்கு இன்னும் பல்லே முளைக்கலையே, மாமா! பெரியவனானா விட்டுடுவான்” என்றாள்.

தந்த வைத்தியர்களின் சாஸ்திரம் முழுவதும் அதற்குள் அடக்கம்.